ஆவிக்கு உருவெழுதிய கைகள்: ஃபிராங்க் டேயின் ஓவியங்களும் கோலசிலாங்கூர்த் தோட்டத்துக் காவல் தெய்வப் படங்களும்

மைடு என்பார் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபெதர் ஆற்றங்கரையிலும் அதனையடுத்த மலைச்சரிவுகளிலும் வாழ்ந்துவரும் பழங்குடியினர். அவர்களுள் கொன்கவ் பிரிவைச் சேர்ந்த ஃபிராங்க் டே (1902-1976) தம் இனத்தாரின் ஆவிகளையும் சடங்குகளையும் தொல்கதைகளையும் இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களில் தீட்டினார். அவரைப் பற்றித் தமிழ் ஆய்விதழில் எழுதவேண்டிய தேவை யாது என்னும் வினா எழுதல் இயல்பே. கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டக் கோயில்களில் முனியாண்டியையும் மதுரை வீரனையும் சுவரில் எழுதியவர்களைக் குறித்து நாம் கேட்கத் தவறிய கேள்விகள், டேயின் ஓவியங்களைச் சுற்றி எழுந்த விவாதத்தில் கேட்கப்பட்டுள்ளன. அவ்விவாதத்தின் துணைகொண்டு நம் சுவர்களை நோக்குவதே இங்கு என் முயற்சி.

டேயின் தந்தையார் கொன்கவ் மக்களின் தலைவர்களுள் ஒருவர், மரபறிவு மிக்கவர். டேயோ, பழங்குடிச் சிறுவர்களைத் தாய்மொழியினின்றும் வழிபாட்டினின்றும் பிரிப்பதையே நோக்கமாகக் கொண்ட உறைவிடப் பள்ளி முறையில் பயின்றவர். 1922இல் தந்தை மறைந்தபின் பல ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்து திரும்பினார். அறுபது வயதை நெருங்குங் காலத்தில், உடற்காயத்தினின்று தேறிவந்தபோதுதான் முனைந்து ஓவியந் தீட்டத் தொடங்கினார். முறையான பயிற்சி பெற்றவரல்லர். அக்காலத்தில் அவர்தம் மூதாதையர் நிலத்திற்கு நேர்ந்ததையும் சேர்த்து எண்ணவேண்டும். 1968இல் ஓரோவில் அணை கட்டி முடிக்கப்பட்டது. கொன்கவ் மக்களின் பழைய குடியிருப்பு இடங்கள் பல நீருள் மூழ்கின. நிலம் மறைந்துகொண்டிருந்த வேளையில் அந்நிலத்தின் ஆவிகளை ஒருவர் துணியில் எழுதிக்கொண்டிருந்தார்.

அவர் ஓவியங்களுள் மிகுந்த விவாதத்திற்குரியது, யாகி இனத்தின் கடைசி மனிதராகக் கருதப்படும் இஷியைப் பற்றி 1973இல் தீட்டியதாகும். காயமுற்ற துணைவர் ஒருவருக்கு இஷி மருத்துவஞ் செய்வதாக அப்படம் அமைந்துள்ளது. சிறுவனாயிருந்தபோது தந்தையுடன் சென்ற வழியில் அக்காட்சியைக் கண்டதாக டே கூறினார். ஏட்டு வரலாறோ, 1911இல் ஓரோவில் நகருக்கருகே வெளிப்பட்டபோது இஷி தன்னந்தனியராகவே இருந்தார் என்கிறது. மைடு தொன்மங்களை ரோலண்டு டிக்சன் என்னும் மானிடவியலார் 1902இல் நூலாக்கினார். 1905இல் அவர்தம் வாழ்வியலையும் விரிவாக எழுதினார். டே கூறிய கதைகளுட் சில இத்தகைய பதிவுகளோடு ஒத்துவருவதில்லை. ஆகவே டேயின் ஓவியம் சான்றாகுமா, வெறுங் கற்பனையா என்ற ஐயம் எழுந்தது.

இவ்வையத்தின் அடியில் உள்ள முற்கோள் நோக்கத்தக்கது. முன்னர் ஏட்டில் ஏறியது மூலம், பின்னர்ச் சொல்லப்பட்டது அதன் திரிபு என்பதே அது. டிக்சனுக்குக் கதை சொன்னவர்களும் மனிதர்களே. அவர்கள் ஒரு பொழுதில், ஒரு கேள்விக்கு விடையாகச் சொன்னவையே அச்சாயின. வேறொரு குடும்பத்தில், வேறொரு தந்தை மகனுக்குச் சொன்னது அதனோடு மாறுபடுவதில் வியப்பில்லை. 1997இல் ஓக்லாந்து அருங்காட்சியகம் டேயின் ஓவியங்களைக் காட்சிப்படுத்தியபோது 'நினைவும் கற்பனையும்' என்று பொருள்படும் பெயரை அக்கண்காட்சிக்கு இட்டது. அப்பெயர் இரண்டையும் எதிர்நிலையில் நிறுத்தவில்லை, அருகருகே வைத்தது. டே தம் படங்கள் பலவற்றுக்குரிய கதைகளைத் தாமே சொல்ல, அவை ஒலிநாடாவில் பதிவாகியுள்ளன. 1970களின் தொடக்கத்தில் உருவான மைடு நடனக் குழு அவரிடமே பாடலும் ஆடலும் கற்றது. அந்நடனக்காரர்களுக்கு அவர் ஆசிரியர். அவர் நினைவுகூர்ந்தவை மீண்டும் ஆட்டத்தில் உயிர்பெற்றன. ஏட்டோடு ஒத்துப்பார்ப்பதோடு நின்றுவிடும் திறனாய்வுக்கு இது புலப்படாது.

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூரைச் சார்ந்த தென்னமரத்தில் அமைந்தது. தோட்டப் பெயரே தமிழ். அதனை உருவாக்கிய ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவைப் பற்றி எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. ஆங்கிலத்தில் அந்நாவல் 'மலாயாவின் ஆன்மா' என்னும் பொருள்படும் பெயரில் வெளிவந்தது. ஒரு துரை இந்நிலத்தின் ஆன்மாவை எழுதினால் அஃது இலக்கியம். அவர் தோட்டத்தைப் போன்ற தோட்டங்களில் உழைத்தவர் இந்நிலத்தின் ஆவியைச் சுவரில் எழுதினால் அது சாயமடித்த வேலை. இந்த ஏற்றத்தாழ்வை நாமும் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டோம் என்பதே என் குறை.

தோட்டத்தின் நடுவே மாரியம்மன் அமர்ந்திருப்பாள். எல்லையில், பெரும்பாலும் ஒரு மரத்தடியில், முனி நிற்பார். விடியுமுன் இருளில் பால்மரம் வெட்டப் போனவர்களுக்கு அந்த எல்லை வெறும் நிலக்குறி அன்று. உச்சிப்பொழுதிலும் நள்ளிரவிலும் முனி நடமாடுவார், குறுக்கே போனால் 'முனி அடித்துவிடும்' என்ற அச்சம் அன்றாட வேலையோடு பின்னிக் கிடந்தது. தொடக்கத்தில் நட்டகல்லும் சூலமுமே உருவம். பின்னரே படமும் சுதைச்சிலையும் வந்தன. உருட்டிய விழி, முறுக்கிய மீசை, கையில் அரிவாள், அருகில் நாயோ குதிரையோ, படையலில் சுருட்டு என அவ்வுருவம் அமைந்தது.

இப்படங்கள் அச்சு நாட்காட்டிகளின் நகல்களே என்று கூறிக் கடந்துவிடுவோர் உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜு (1898-1976) போன்றோர் வரைந்து அச்சேறிய தெய்வ உருவங்கள் தமிழர் வீடுகளில் பரவின என்பது உண்மை. ஆயின் முருகனுக்கும் இலக்குமிக்கும் கிடைத்த அளவு அச்சுப் படங்கள் முனிக்குக் கிடைத்தனவல்ல. செம்முனி, ஜடாமுனி, வாழ்முனி என வேறுபடும் உருவங்களுக்கு எழுதுபவர் எதைப் பார்த்து எழுதுவார்? பூசாரி சொன்ன அடையாளம், சாமியாடி அருள்வந்து உரைத்த சொல், யாரோ ஒருவர் கண்ட கனவு, ஊரிலிருந்து கப்பலேறி வந்த பாட்டனின் நினைவு ஆகியவையே அவருக்கு மூலம். ஆகவே முனியின் படம் கேட்டு எழுதிய படம். டேயின் ஓவியத்தைப் போலவே அதுவும் ஒரு சொல்லின் பாதி. சொன்னவரை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் படித்தல் இயலாது. நம் ஆய்வேடுகள் பலவற்றில் கதையும் பாடலும் சடங்கும் இயல் இயலாக ஆராயப்படுகின்றன. படமோ பின்னிணைப்பில் நிழற்படமாக ஒட்டப்படுகிறது.

டேயின் ஓவியங்களுக்கு மானிடவியல் ஏடு அளவுகோலானது போல், நம் படங்களுக்கு ஆகமமும் சிற்பநூலும் அளவுகோலாகிவிட்டன. சுருட்டு மறைகிறது, அரிவாள் இருந்த கை அபயங் காட்டுகிறது, முனியாண்டி முனீஸ்வரராகிச் சிவனின் நெற்றிக்கண்ணும் பெறுகிறார். இம்மாற்றத்தை வீழ்ச்சி என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது. தோட்டத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகள் மதிப்போடு நிற்க விரும்பியதும் அதில் அடங்கும். புக்கிட் ரோத்தானில் 2013இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்தின் கல்வேலைப்பாடு இவ்வட்டாரத்தார் பெருமைப்படத்தக்கதே. ஆயினும் ஒன்றின் சிறப்பு மற்றொன்றை அழிக்கும் உரிமையாகாது.

ஒப்பீட்டிற்கு ஓர் எல்லையும் உண்டு. டேயின் ஓவியங்கள் விற்கப்பட்டன, காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுக்கு யாரும் படைக்கவில்லை. நம் முனியின் படமோ கண் திறக்கப்பட்டது. கண் திறந்தபின் அது முனியின் படம் அன்று, முனியே. எனவே அருங்காட்சியகமே தீர்வு என்று பல்கலைக்கழகத்திலிருந்து கூறிவிடுதல் எளிது. அச்சுவரின் முன் சூடம் ஏற்றுபவர் அதனை ஏற்பாரா என்பது வேறு.

இக்கேள்வி அவசரமானது. தோட்ட நிலங்கள் துண்டாடப்படுவதால் இடம்பெயரும் தமிழர் தம் கோயில்களையும் நீதியையும் குறித்து எண்ணுவதை ஆண்ட்ரூ வில்ஃபோர்டு 2014இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கோயில் பெயர்க்கப்படும்போது சூலம் பிடுங்கிக் கொண்டுசெல்லப்படும், கல்லும் பெயரும், சிலையின் ஆற்றல் கும்பத்தில் இறங்கும். சுவரிலெழுதிய முனி மட்டும் சுவரோடு போவார். வியப்பென்னவெனில், திருப்பணிக் காலத்தில் செய்யும் பாலாலயத்தில் அத்திப் பலகையில் தெய்வ உருவை வரைந்து, அதிலேயே ஆற்றலை இறக்கி வழிபடும் வழக்கம் ஆகமக் கோயில்களிலேயே உண்டு. எழுதிய படம் தெய்வம் தங்குதற்குரிய இடமே என்பதை அவ்வழக்கம் ஒப்புக்கொள்கிறது. அப்பலகையில் தோட்டத்து முனியை, சுருட்டும் அரிவாளுமாக, சுவரிலிருந்தவாறே எழுதச் சொல்லும் உரிமை கோயில் நிருவாகத்தாருக்கு உண்டு. எழுதுபவர் பெயரையும், எந்த அடையாளத்தை யார் சொன்னார் என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளும் பணி நம் மாணவர்க்கு உரியது.