சொடுக்கினால் தண்ணீர்

எங்கோ இருக்கும் செடிக்கு இங்கிருந்தே தண்ணீர் ஊற்ற முடியுமா? 1995-இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் கென் கோல்ட்பெர்க், ஜோசப் சாண்டரோமானா குழுவினர் செய்து காட்டினார்கள். பெயர் டெலிகார்டன். சிறிய மண்பாத்தி, நடுவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ரக ரோபோ கை, அதில் ஒரு கேமரா.

எனக்குப் பிடித்தது அதன் திட்டம்தான். அன்றைய டயல்-அப் இணைப்பில் ஓடும் படமெல்லாம் நடக்கிற காரியமல்ல. அதனால், வரைபடத்தில் ஓரிடத்தைச் சொடுக்கினால் கை அங்கே நகரும். ஒரே ஒரு புகைப்படம் வரும். இலை வாடித் தெரிந்தால் தண்ணீர் விடச் சொல்லலாம். அவ்வளவுதான். எத்தனை பேர் சொடுக்கினாலும் இருப்பது ஒரு கை; ரேஷன் கடைபோல முறை வைத்துத்தான் நடக்கும். (ரேஷன் கடையில் முறை நடக்கிறதா என்று கேட்காதீர்கள்.)

பதிவு செய்த உறுப்பினர்கள் விதையும் நட்டார்கள். ஒருவர் நட்டதற்கு முகமறியாத இன்னொருவர் தண்ணீர் விட்டார். இணையம் வழியே கேமரா வைத்த பொம்மை வண்டியை ஆளாளுக்கு இழுப்பதில் இந்தச் சுவை வருமா?

1996-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகருக்குப் போன தோட்டம், 2004 வரை இணையத்தில் இருந்தது. நண்பர்களோடு சேர்ந்து இணைய ரோபோ செய்யக் கிளம்புகிறவர்கள், மோட்டார் வாங்குமுன் இந்தத் தோட்டத்தைப் பற்றி ஒருமுறை படித்துவிடுங்கள்.