நூல் மதிப்புரை: எழுதப்படாத பிற்பாதி

டோரதி கிளார்க் வில்சனின் ‘டேக் மை ஹேண்ட்ஸ்’ (1963), வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸின் வரலாறு. 1954-இல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு அறுவை செய்தார். அந்த மனவுறுதியை வியப்பதோடு வாசகர் நின்றுவிடக் கூடாது.

அவ்வறுவையில் தசைநாண் இடம் மாற்றிக் கட்டப்படுகிறது. கயிற்றை வேறு கப்பிக்கு மாற்றுவது போல. இழுக்கும் தசை புதுவேலை பழக வேண்டாமா? அதற்கே இயன்முறைப் பயிற்சி.

எலும்பு முறிவிலும் அப்படியே. அசையாத மூட்டு இறுகும், தசை மெலியும். சேலம், நாமக்கல் பக்கம் கட்டுப் பிரித்ததும் பயிற்சியை விட்டு, மடங்காத முழங்காலுடன் நடப்போர் உண்டு. மேரி வர்கீஸ் முயற்சியால் 1966-இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையம் நூலுக்குப் பிந்தியது. அவர்களுக்கு வேண்டியது அந்தப் பிற்பாதியே; அது தமிழில் வர வேண்டும்.