கைகள் இல்லாத ரயில்

சில ஆண்டுகளாகப் பிரிட்டனில் மாதிரி ரயிலுக்குப் புது மரியாதை வந்திருக்கிறது. 2018இல் சேனல் 5 தொலைக்காட்சி அதைப் போட்டி நிகழ்ச்சியாக்கியது. அடுத்த ஆண்டு பாடகர் ராட் ஸ்டூவர்ட், இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டுக் கட்டிய அமெரிக்க நகரத்தின் ரயில் மாதிரியை ‘ரயில்வே மாடலர்’ இதழில் உலகுக்குக் காட்டினார். கொரோனா ஊரடங்கில், மாதிரி ரயில் விற்கும் ஹார்ன்பி கம்பெனியின் விற்பனை ஏறியது. அன்றிலிருந்து இந்தப் பொழுதுபோக்கின் ஆதரவாளர்கள் ஒரே வாதத்தைத்தான் சொல்லிவருகிறார்கள்: நவீன வாழ்க்கை உண்டாக்கிய நோய்க்கு இதுவே மருந்து. திரையிலிருந்து கண்ணை எடுக்க வைக்கும், கைக்கு வேலை தரும், பொறுமை கற்றுத்தரும், இன்றைய பிள்ளைகள் இழந்ததையெல்லாம் திருப்பித் தரும். இதில் பாதி உண்மை. அந்தப் பாதியை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஒரே ஆள் தச்சராகவும் எலக்ட்ரீஷியனாகவும் ஓவியராகவும் உள்ளூர் வரலாற்றாசிரியராகவும் இருக்க வேண்டிய பொழுதுபோக்குகள் அதிகம் இல்லை. சால்டரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் பழுதான பொருள் உடனே குப்பைக்குப் போவதில்லை. லண்டனில் 1910இல் தொடங்கிய மாடல் ரயில்வே கிளப் இன்றும் நடக்கிறது. அறிமுகமில்லாதவர்களை வாரந்தோறும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்கவைக்கும் இடங்கள் இப்போது வேறு எத்தனை இருக்கின்றன? 2019 மே மாதம் ஸ்டாம்ஃபோர்டில் கண்காட்சிக்கு முந்தைய இரவு சிறுவர்கள் புகுந்து மாதிரி ரயில் லேஅவுட்களை அடித்து நொறுக்கியபோது, கண்காட்சியை நடத்தவிருந்த கிளப் 500 பவுண்டு நன்கொடை கேட்டது; ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் குவிந்தது. அந்த அன்பைச் சந்தேகிக்க எனக்கு மனமில்லை.

என் சண்டை மீதிப் பாதியோடு. மாதிரி ரயில்காரர் தன் மேஜையை மேஜையாக மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. அவர் அதை அளவுகோலாக எடுத்துக்கொண்டு இன்றைய உலகத்தை அளக்கிறார். கண்காட்சிகளிலும் இதழ்களின் வாசகர் கடிதங்களிலும் கேட்கிற பேச்சு எல்லாருக்கும் மனப்பாடம்: அந்தக் காலத்தில் ரயில் ஒழுங்காக ஓடியது, சின்னக் கிராமத்துக்கும் ஸ்டேஷன் இருந்தது, எஞ்சினுக்கு உயிர் இருந்தது, இன்றைக்கு எல்லா வண்டியும் ஒரே மாதிரி, யாருக்கும் வேலையில் பற்றில்லை, பையன்கள் போனைத் தவிர எதையும் தொடுவதில்லை. இப்படிச் சொல்லும் தகுதியை அவருக்குக் கொடுத்தது எது? தான் கட்டிய சிறிய உலகம். அந்த உலகத்தில் ரயில் இருக்கிறது, ரயில்வே வேலை மட்டும் இல்லை. என் நெடுநாள் ஆட்சேபம் இதுதான்.

அங்கே வழங்கும் ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம்: வானத்துக் கை. வேகன்களைக் கழற்றிக் கோக்க மேலிருந்து இறங்கும் ஆபரேட்டரின் பெரிய கை அது. காட்சியின் நம்பகத்தன்மையைக் கெடுக்கிறது என்பதால், அந்தக் கையை ஒழிக்கப் பல தலைமுறைகளாக மூளையைச் செலவிட்டிருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு அடியில் காந்தம் வைத்தார்கள். வேகன் காந்தத்தின் மேல் வந்து நிற்கும், கொக்கி தானே விலகும், எஞ்சின் பின்வாங்கும். பார்க்க அழகுதான். ஆனால் உண்மையான யார்டில் அந்த இடத்தில் ஒரு கை இருந்தது. நீண்ட கழியோடு ஒரு ஷண்டர், மழையிலும் இருட்டிலும், நகரும் வேகன்களின் பக்கத்திலேயே ஓடிச் சங்கிலியைத் தூக்கி மாட்டினார். ரயில்வே வேலைகளில் உயிருக்கு மிக ஆபத்தானவற்றில் அது ஒன்று. கை போனவர்கள், கால் போனவர்கள், வீடு திரும்பாதவர்கள் உண்டு. மாதிரியில் பொய்யான கையை எடுத்தார்கள். உண்மையான கையை அங்கே வைக்க மறந்தார்கள். வேலை தானாக நடக்கிற ஒரு ரயில் மிச்சமாயிற்று.

கண்காட்சியில் நான் பார்த்த ஒரு மாதிரி சிக்னல் பாக்ஸ் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது. உள்ளே விளக்கு எரிகிறது. லீவர்கள் சிவப்பு, மஞ்சள், கறுப்பு, நீலம் என்று விதிப்படி வர்ணம் தீட்டப்பட்டிருக்கின்றன. அலமாரியில் மணிப்பெட்டி, ஸ்டவ்மேல் கெட்டில், சுவரில் கடிகாரம். நடுவில் ஒரு மனிதர், ஒரு கை லீவரின்மேல். வண்டி வருகிறது, சிக்னல் விழுகிறது, வண்டி போகிறது, சிக்னல் ஏறுகிறது. அவர் அசையவில்லை. அசைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நாலு மில்லிமீட்டருக்கு ஓர் அடி என்ற அளவில் அது நடக்கிற காரியமில்லை. இந்தப் பெட்டியைப் பற்றி அருகில் நடந்த பேச்சு முழுதும் லீவர் நிறங்களைப் பற்றியே இருந்தது. அந்த மனிதர் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது ஷிப்ட் முடியும், பனிமூட்ட இரவில் என்ன செய்வார் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை.

துல்லியம் போதாது என்று யாரும் இவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரிட்டனில் பரவலான 00 அளவில் தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். அது ஓர் ஒட்டுவேலை: பெட்டிகள் ஓர் அளவில், தண்டவாளம் அதைவிடச் சிறிய இன்னோர் அளவில். பிரிட்டிஷ் எஞ்சின்களின் குறுகிய உடலுக்குள் அன்றைய மோட்டார்களை அடக்க வழி தெரியாமல் செய்த சமரசம். சரியான அகலம் 18.83 என்று கணக்கிட்டு, அதற்கென்று சங்கம் அமைத்து, சக்கரம் சக்கரமாக மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2.33 மில்லிமீட்டருக்காகப் பல பத்தாண்டு விவாதம். எஞ்சினின் ஆணிகளை எண்ணிப் பிழை கண்டுபிடிப்பவர்களுக்குத் தனிப் பட்டப்பெயரே உண்டு. இவ்வளவு கூர்மையான கண்கள் ஆளைப் பார்க்கும்போது மட்டும் மங்கிப்போவது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அழுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பளபளப்பான எஞ்சினை அப்படியே ஓட்டினால் அனுபவசாலிகள் முகம் சுளிப்பார்கள். ஸ்ப்ரேயால் புகைக்கரியும் துருவும் சுண்ணாம்புக் கறையும் ஏற்ற வேண்டும். 1950களின் கடைசியில் எஞ்சின்கள் எப்படி அழுக்கேறிக் கிடந்தன என்பதற்குப் புகைப்படங்களை வைத்துக்கொண்டு நாள்கணக்கில் உழைக்கிறார்கள். அந்தக் கலையில் தேர்ந்தவர்கள் செய்வது மிக உயர்ந்த வேலை. ஆனால் அந்த எஞ்சின்கள் ஏன் அழுக்காயின? துடைக்க ஆள் வரவில்லை. பள்ளியை விட்ட பதினைந்து வயதுப் பையன் லோகோ ஷெட்டில் கிளீனராகச் சேர்வான். வருடங்கள் கழித்து ஃபயர்மேன் ஆவான். இன்னும் பல வருடங்கள் கழித்து, அதிர்ஷ்டமிருந்தால், டிரைவர். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் கார்த் தொழிற்சாலை அதைவிட நல்ல சம்பளம் தந்தது; நடுராத்திரியில் எழுப்பவும் இல்லை. பையன்கள் அங்கே போனார்கள். எண்ணெய்த் துணியும் கரிப்புகையும் வேண்டாம் என்று அவர்கள் சொன்ன பதில்தான் அந்த எஞ்சின்களின்மேல் படிந்திருக்கிறது. அதைக் கலைநயத்தோடு படியவைத்துவிட்டுத் திரும்பி நின்று, இந்தக் காலத்துப் பையன்களுக்குக் கையழுக்காகும் வேலை பிடிக்கவில்லை என்று குறைபட்டுக்கொள்வது என்ன நியாயம்? 1955இல் டிரைவர்களும் ஃபயர்மேன்களும் பதினேழு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நிலக்கரிக் குவியலின் நிறத்தை விவாதிக்கிற உலகத்தில், நின்றுபோன அந்த வண்டிகளுக்கு ஒரு லேஅவுட்டை நான் இதுவரை கண்டதில்லை.

கிளை ரயில்பாதை விஷயத்தில் இந்தக் குருட்டுத்தனம் உச்சத்துக்குப் போகிறது. டெவனில் இருந்த ஆஷ்பர்ட்டனைப் போன்ற ஒரு கடைசி ஸ்டேஷன்தான் மாதிரி ரயில்காரரின் கனவு. காரணம் வெளிப்படை: வீட்டில் இருப்பது எட்டடி அலமாரி. சிறிய எஞ்சின், இரண்டு பெட்டி, ஒரு கூட்ஸ் ஷெட், மாடு ஏற்றும் வேகனுக்கு ஒரு மேடை, ஒரு நாளைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள், ஷண்டிங்குக்கு நாலே வேகன், எல்லாவற்றுக்கும் தாராளமான நேரம். அலமாரிக்கு அந்தப் பாதை பொருந்தக் காரணமான ஒவ்வொன்றும் நிஜத்தில் அதைக் கொன்ற காரணம். வண்டி குறைவு என்றால் ஆள் ஏறவில்லை என்று அர்த்தம். நாலு வேகன் என்றால் மீதிச் சரக்கை லாரி கொண்டுபோய்விட்டது என்று அர்த்தம். முதல் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் கழித்த லாரிகள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து அது நடந்துகொண்டிருந்தது. 1963இல் ரயில்வே தலைவர் பீச்சிங் தந்த அறிக்கை 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்னது; நாட்டின் பாதை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பயணத்தில் ஒரு சதவீதத்தை மட்டுமே சுமக்கிறது என்று கணக்குக் காட்டியது. அந்தக் கணக்கை எதிர்க்க நல்ல காரணங்கள் இருந்தன. மூடியதில் பல தவறுகளும் உண்டு. ஆனால் பீச்சிங்கின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் பல்லைக் கடிப்பவர்கள், ஆஷ்பர்ட்டனில் பயணிகள் வண்டி 1958இலேயே நின்றுவிட்டது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. காலியான பிளாட்பாரத்தின் அமைதியை ரசிக்கவும் வேண்டும், அது காலியாக இருந்ததற்காக மூடியவரைத் திட்டவும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முடிவது, அங்கே சம்பளம் வாங்கிக் காத்திருந்த போர்ட்டரை யோசிக்காததால்தான்.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்குச் சாட்சி அந்த உலகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜான் அஹெர்ன் 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய மேடர் வேலி லேஅவுட் இன்று லாங் விட்டன்ஹாமில் உள்ள பெண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருக்கு எஞ்சின் நாயகன் இல்லை. துறைமுகம், கடைத்தெரு, ஊர் இவற்றுக்கு நடுவில் ரயிலும் ஒன்று. பீட்டர் டென்னி என்ற பாதிரியாரின் பக்கிங்ஹாம் லேஅவுட் கால அட்டவணைப்படி ஓடியது. ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு மணிச் சங்கேதத்தால் அனுமதி கேட்டு, பதில் மணி வந்த பிறகே வண்டி புறப்பட்டது. மறுமுனையில் மணிக்குப் பதில் சொன்ன மகன் இல்லாத நேரங்களுக்காக, அந்த வேலையைச் செய்ய ஓர் இயந்திரத்தைத் தானே செய்து, மகனின் பெயரையே அதற்கு வைத்தார். ரயிலை ஓட்டுவது நீராவி மட்டுமல்ல, இரண்டு மனிதர்களுக்கு இடையே நடக்கும் கேள்வி பதில் என்று புரிந்தவருக்குத்தான் அப்படி ஓர் இயந்திரம் தேவைப்படும். இவர்களைக் கண்காட்சி உரைகளில் முன்னோடிகள் என்று வணங்குகிறார்கள், பின்பற்றுவோர் சிலரே. பெரும்பாலான கண்காட்சி லேஅவுட்களில் வண்டிகள் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் வருகின்றன. பார்ப்பவர் எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.

கைவேலை என்ற பெருமையையும் இதே இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும். இன்று பெரும்பாலோர் எஞ்சின் செய்வதில்லை, பெட்டியிலிருந்து எடுத்து வைக்கிறார்கள். ஹார்ன்பி தன் உற்பத்தியை 1990களில் மார்கேட்டிலிருந்து சீனாவுக்கு மாற்றியது. அதன் பிறகுதான் கம்பியில் தனியாகச் செய்த கைப்பிடிகளும், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்துகளும், தனித்தனியாக ஒட்டிய பிரேக் குழாய்களும் சாதாரண விலை எஞ்சினில் வந்தன. முன்பு வீட்டு மேஜையில் ஒருவர் வாரக்கணக்கில் செய்த வேலையைக் குவாங்டாங்கில் வரிசையாக உட்கார்ந்த தொழிலாளிகள் செய்தார்கள். அவர்களுடைய கூலி ஏறியது, எஞ்சின் விலையும் ஏறியது. பெரிய எஞ்சின் இப்போது 200 பவுண்டைத் தாண்டுகிறது. உடனே புலம்பல்: எல்லாம் விலை ஏறிவிட்டது, கைப்பிடி ஒன்று வளைந்திருக்கிறது, தரம் போச்சு. கைவேலையின் அருமையை நவீன உலகம் மறந்துவிட்டது என்று சொல்பவர் கையில் இருக்கும் பொருளே கைவேலை. அந்தக் கை தன்னுடையது இல்லை என்பதால் அவருக்கு அது கணக்கில் வரவில்லை.

இதையெல்லாம் சொன்னால் வழக்கமாக வரும் பதில், இது வெறும் பொழுதுபோக்கு, இதில் அரசியலைக் கலக்காதே என்பது. கலந்தது நானில்லை. அந்தக் காலம் ஒழுங்கானது, இந்தக் காலம் கெட்டது என்பதைவிடப் பெரிய அரசியல் தீர்ப்பு எது? அவர்கள் ஏங்கும் காலத்தையே பாருங்கள்: பிரிட்டிஷ் ரயில்வேயில் வழக்கமான நீராவி ஓட்டம் 1968 ஆகஸ்டில் முடிந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1966இல், டொமினிகாவிலிருந்து வந்து லண்டன் மேரில்போன் ஸ்டேஷனில் கார்டாக இருந்த ஆஸ்கித் சேவியர், யூஸ்டனுக்கு மாற்றல் கேட்டார். கறுப்பினத்தவர் என்பதற்காக மறுத்தார்கள். பொதுமக்களோடு பழகும் வேலைக்குக் கறுப்பர்களை எடுப்பதில்லை என்று யூஸ்டனில் ஒரு தடை இருந்தது. அவர் விடவில்லை, விஷயம் பத்திரிகைகளுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போனது, தடை விலகியது, ஆகஸ்டில் கொலை மிரட்டல்களுக்கு நடுவே யூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்தார். கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ரயில்வேயின் ஷெட்டுகளிலும் யார்டுகளிலும் பிளாட்பாரங்களிலும் உழைத்தார்கள். அந்த ஆண்டுகளை மாதிரியாகக் கட்டிய பிளாட்பாரங்களில் நான் பார்த்த உருவங்களின் முகங்கள், மிகச் சில நீங்கலாக, ஒரே நிறம்.

இளைஞர்கள் வருவதில்லை, கிளப்பில் எல்லாரும் நரைத்தவர்கள் என்று வருந்துகிறார்கள். தன் பாட்டனாரின் வேலையை அந்த மேஜையில் ஓரிடத்திலும் காணாத லண்டன் பையன் எதற்கு வர வேண்டும்? திரையைப் பழிப்பதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லட்டும். 1965ஆம் ஆண்டின் மேரில்போனைக் கட்டுகிறவர், பிளாட்பாரத்தில் கொடியோடு ஒரு கறுப்பின கார்டை நிறுத்தவில்லை என்றால், எஞ்சின் எண்கள் அத்தனையும் சரியாக இருந்தாலும் அவர் கட்டியிருப்பது அந்த ஆண்டின் மேரில்போன் இல்லை.