இரண்டு லைன், ஒரே பாலம்

தலைமை அலுவலகம் தில்லைநகரில், ஷோரூம் ஸ்ரீரங்கத்தில், குடோன் நம்பர் ஒன் டோல்கேட்டில், பட்டறை துவாக்குடியில். திருச்சியில் தொழில் செய்கிறவர்களுக்குப் பழகிய அமைப்பு இது. இவற்றைக் கணினி வலையமைப்பால் இணைக்கக் கொட்டேஷன் கேட்டால், வேகம் இருக்கும், மாத வாடகை இருக்கும், ரூட்டரின் மாடல் எண்ணும் இருக்கும். கேபிள் எந்த வழியாக வருகிறது என்பது மட்டும் இருக்காது. காவிரி, கொள்ளிடம் என்று இரண்டு ஆறுகள் குறுக்கே ஓடும் ஊரில் இது சின்னக் குறையல்ல.

வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது, தலைமை அலுவலகத்தில் சர்வர், ஒவ்வொரு கிளையிலிருந்தும் அதற்கு ஒரு லைன். மத்திய அரசு 2005 மார்ச்சில் ஒப்புதல் தந்த மாநில வலையமைப்பான ‘ஸ்வான்’ திட்டமும் தலைநகர், மாவட்டம், வட்டாரம் என்று இப்படித்தான் கிளை பிரிந்தது. குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகம் என்றும் வகுத்தது. அரசுக்கு அது பொருத்தமான வடிவம்; கண்காணிப்பும் பாதுகாப்பும் ஒரே கையில் இருக்கும். கடைக்கு அப்படியே பொருந்தாது. தில்லைநகரில் சர்வர் படுத்தாலோ, அதற்குப் போகும் லைன் அறுந்தாலோ ஸ்ரீரங்கத்தில் பில் போட முடியாது. வாடிக்கையாளர் காத்திருக்க மாட்டார்.

சரி, இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு லைன் வாங்கிவிடலாமே என்பார்கள். கணக்கு கவர்ச்சியானதுதான். ஒப்பந்தத்தில் 99.5 சதவீத நேரம் லைன் இருக்கும் என்று எழுதியிருந்தால், ஆண்டின் 8,760 மணி நேரத்தில் சுமார் 44 மணி நேரம் லைன் இல்லாமல் போகலாம். அதே தரத்தில் இரண்டு லைன் இருந்தால், இரண்டும் சேர்ந்து விழும் நேரம் சுமார் 13 நிமிடம். ஆனால் ஒன்றின் பழுது மற்றதைத் தொடாது என்றால்தான் இந்த 13 நிமிடம் உண்மை. ஸ்ரீரங்கம் தீவு. இரண்டு கேபிளும் ஒரே காவிரிப் பாலத்தை ஒட்டி வந்தால், ஒரு பழுது இரண்டையும் சாய்க்கும்.

இது வெறும் அச்சமல்ல. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. சிந்தாமணியையும் மாம்பழச் சாலையையும் இணைக்கும் காவிரிப் பாலம் 2022 செப்டம்பரில் மூடப்பட்டு மாதக்கணக்கில் பராமரிப்பு நடந்தது. ஆற்றைக் கடக்க பைபாஸ் பாலங்கள் இருக்கின்றன, ரயில் பாலங்களும் இருக்கின்றன. தண்டவாளத்தை ஒட்டிக் கண்ணாடி இழைக் கேபிள் போட்டிருக்கும் ரயில்டெல், தனியார் நிறுவனங்களுக்கும் இணைப்பு தருகிறது. ஆகவே மாற்று வழி கேட்டுப் பார்க்கக் கூடியதுதான், கேட்பவர்தான் குறைவு.

4ஜி சிம்மைப் பேக்கப்பாக வைப்பது மலிவு, பல கிளைகளுக்குப் போதும். ஸ்ரீரங்கத்துக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானோர் கூடும்போது டவர்கள் திணறும். கடையில் வியாபாரம் அதிகம் நடக்கும் நாளும் அதுதான்.

முகவரித் திட்டமும் பலர் கோட்டை விடும் இடம். கடையில் வாங்கிய ரூட்டரை அப்படியே மாட்டினால், பெரும்பாலும் எல்லாக் கிளையும் 192.168.1 என்றே தொடங்கும். பிறகு விபிஎன் போட்டு, தில்லைநகரிலிருந்து குடோன் பிரிண்டரான 192.168.1.20-க்கு அனுப்பினால், கணினி அதைத் தன் அலுவலகத்துக்குள்ளேயே தேடும். தகவல் ஆற்றைத் தாண்டாது. தில்லைநகருக்கு 10.1, ஸ்ரீரங்கத்துக்கு 10.2, டோல்கேட்டுக்கு 10.3 என்று முதல் நாளே பிரித்துக் கொடுத்தால் செலவே இல்லை. கேமராப் பதிவுகள் அந்தந்தக் கிளையிலேயே இருக்கட்டும். அவற்றை லைனில் ஏற்றினால் பில்லிங் நொண்டும்.

என் தீர்ப்பு இது. சர்வர் இருக்கும் இடத்துக்கும் பட்டறைக்கும் லீஸ்டு லைன் தகும். பழுது நீக்கக் கெடு வைத்து எழுதி வாங்கலாம். மற்றக் கிளைகளுக்கு விலையுயர்ந்த ஒற்றை லைனைவிட, வெவ்வேறு பாலங்களில் வரும் இரண்டு சாதாரண பிராட்பேண்டும், லைன் போனாலும் பில் போட்டுப் பிறகு சேர்த்துக்கொள்ளும் மென்பொருளுமே மேல். கையெழுத்துப் போடுமுன் கேபிள் வரும் வழியை வரைபடமாக எழுத்துபூர்வமாகக் கேளுங்கள்; தர மறுக்கும் கொட்டேஷனை ஒதுக்கிவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.