பிசியும் முதியோர் கல்வியும்

முதியோர்க்கு விளையாட்டின் வழி எழுத்தறிவிக்க வேண்டும் என்பாருள் பலர், அவ்விளையாட்டைப் பாடத்தின் களைப்பைப் போக்கும் இடையீடாகவே கொள்கின்றனர். இது பொருந்தாது என்பது எம் கருத்து.

தொல்காப்பியர் செய்யுளியலில் எழுநிலத்துள் நூலோடும் உரையோடும் பிசியையும் ஒருங்கு வைத்தார். மருப்பைப் பிறையாகவும் உடலை மலையாகவும் காட்டி யானையை உணர்த்தும் பிசியைப் பேராசிரியர் உரையிற் காண்கிறோம். இன்று விடுகதை என வழங்குவதும் இதுவே. இதனைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குதல் எங்ஙனம்?

வகுப்பிற்கு வரும் உழவர் எழுத்தறியாதவரேயன்றி மொழியறியாதவர் அல்லர். விடுகதை போடுங்கால் அவர் கையே ஓங்குகிறது. விடை தெரியாது விழிப்பவர் பெரும்பாலும் ஆசிரியரே. அவ்விடையையே முதற்சொல்லாகப் பலகையில் எழுதின், எழுத்து அயலாருடைய பொருளாக அவர்க்குத் தோன்றாது. அதனை விடுத்து, குழந்தைகட்குரிய பட அட்டைகளைக் கையிற் கொடுத்து விளையாடுக என்பது அவரை இழிவுபடுத்துவதேயாம்.

யானை என்பது ஈரெழுத்துச் சொல்லே. ஆயினும் ஆகாரக் குறி, ஐகாரக் குறி இரண்டும் அதில் வந்துவிடுகின்றன. (1978-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்திற்கு முன் அவ்வைகாரக் குறி துதிக்கைபோல் வளைந்தே நின்றது.) எளிய எழுத்து முன்னும் அரியது பின்னுமாக அமைந்த பாடமுறைக்கு இஃது ஒவ்வாது என்பர். ஒவ்வாதுதான், அம்முறை ஐந்தாண்டுச் சிறுவரை எண்ணி வகுக்கப்பட்டது.