குளோன்சில்லா: ஒரு மதிப்பீடு

குளோன்சில்லா என்பது கணினியின் வன்தட்டை முழுமையாகவோ, அதன் ஒரு பிரிவை மட்டுமோ படிமமாகச் சேமித்து, தேவைப்படும்போது மீட்டெடுக்க உதவும் கட்டற்ற மென்பொருள். தைவானின் தேசிய உயர்செயல்திறன் கணிப்பு மையத்தில் உருவாக்கப்பட்ட இது, ஜி.பி.எல். உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இயங்குதளத்தைக் காப்புநகல் எடுக்க வேண்டும் என்றவுடன் பலரும் பரிந்துரைக்கும் கருவி இது. அப்பரிந்துரை யாருக்குப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

நிறைகள்

பென் டிரைவிலிருந்து இது தனியே தொடங்குகிறது. எனவே விண்டோஸ் திறக்க மறுக்கும் கணினியையும் பழைய படிமத்தைக் கொண்டு மீட்கலாம். என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகளில் பயன்பாட்டிலுள்ள பகுதிகளை மட்டுமே எடுத்துச் சுருக்குகிறது. 500 ஜிபி வட்டில் 60 ஜிபி மட்டும் நிரம்பியிருந்தால், படிமத்துக்கு 500 ஜிபி இடம் தேவையில்லை. இதன் வழங்கிப் பதிப்பு, ஒரே படிமத்தைக் கல்லூரி ஆய்வகத்தின் பல கணினிகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பவல்லது.

குறைகள்

முதல் குறை, பிழைக்கு இடமளிக்கும் இடைமுகம். மூல வட்டும் இலக்கு வட்டும் எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற பெயர்களில் தோன்றுகின்றன. அளவும் காட்டப்படுகிறது, ஆனால் ஒரே அளவுள்ள இரு வட்டுகள் இருந்தால் குழப்பமே. இரண்டையும் மாற்றித் தேர்ந்தால், காக்க வேண்டிய வட்டே அழிந்துவிடும். உறுதிப்படுத்தும் கேள்வி மீண்டும் கேட்கப்படுகிறது. எது எந்த வட்டு என்று அறியாதவரிடம் எத்தனை முறை கேட்டும் பயனில்லை.

இரண்டாவது, மாறிய கோப்புகளை மட்டும் சேமிக்கும் வசதி இல்லை. ஒவ்வொரு முறையும் முழுப் படிமமே எடுக்க வேண்டும். இதனால் பலர் ஒருமுறை எடுத்ததோடு நிறுத்திவிடுகின்றனர்.

மூன்றாவது, இலக்கு வட்டு மூலத்தைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. 1 டிபி வன்தட்டிலிருந்து 500 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு மாறுபவர், பிரிவுகளை முன்னதாகவே சுருக்கி, நிபுணர் முறையில் சில தெரிவுகளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

நான்காவது குறையே மாணவர்களைப் பெரிதும் பாதிப்பது: படிமத்திலிருந்து ஒரு கோப்பை மட்டும் எளிதாக எடுக்க முடியாது. தவறுதலாக அழிந்த ஆய்வேட்டுக்காகப் பழைய படிமத்தை அதே வட்டில் மீட்டெடுத்தால், அதன்பின் செய்த மற்ற வேலைகள் அனைத்தும் அழியும்.

மாற்றுகள்

ரெஸ்கியூசில்லா, குளோன்சில்லாவின் படிமங்களையே சுட்டியால் இயக்கும் வரைகலை இடைமுகத்தில் கையாள்கிறது. தொடக்கநிலையினருக்கு இதுவே ஏற்றது. லினக்ஸுக்கான டைம்ஷிஃப்ட், பழுதான புதுப்பிப்பிலிருந்து விரைவில் மீட்கும். ஆனால் இயல்பாகப் பயனரின் சொந்தக் கோப்புகளை அது சேமிப்பதில்லை. அதன் நகல் அதே வட்டில் இருந்தால், வட்டு பழுதாகும்போது நகலும் போய்விடும்.

மதிப்பீடு

குளோன்சில்லா தன் வேலையைச் செம்மையாகவே செய்கிறது. குறை பெரும்பாலும், அதை எல்லாத் தேவைக்குமான தீர்வாகக் காட்டும் வழிகாட்டிகளிடம் உள்ளது. அவை படிமம் எடுப்பதை விரிவாக விளக்கி, மீட்டெடுப்பதைச் சில வரிகளில் முடித்துவிடுகின்றன. சேமித்த படிமத்தைச் சரிபார்க்கும் தெரிவு இம்மென்பொருளிலேயே உண்டு. நேரம் மிச்சமாகும் என்று அதைத் தவிர்ப்பது தவறு. முடிந்தால் வேறொரு வட்டில் ஒருமுறை மீட்டெடுத்தும் பார்க்க வேண்டும். இயங்குதளத்தைக் காக்க குளோன்சில்லா போதும். அன்றாடம் மாறும் பாடக்குறிப்புகள், ஒளிப்படங்கள், ஆய்வேடுகள் ஆகியவற்றுக்குத் தனி நகல் கட்டாயம் வேண்டும்.