கரண்ட் வைக்கும் படிப்பு

2025 செப்டம்பரில் ஒரு சண்டை மூண்டது. பிசியோதெரபிஸ்ட்டுகள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ளக் கூடாது என்று மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்ககம் 9ஆம் தேதி கடிதம் எழுதியது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த புதிய பிசியோதெரபி பாடத்திட்டம் அந்த முன்னொட்டை அனுமதித்திருந்ததுதான் சண்டைக்கு வித்து. பிசியோதெரபிஸ்ட்டுகளுக்காகப் பேசியவர்களின் வாதம் எல்லோருக்கும் தெரிந்தது: நாலரை ஆண்டு படிக்கிறோம், உடற்கூறியலும் உடலியங்கியலும் படிக்கிறோம், ஆனாலும் மருத்துவமனையில் எங்களை எடுபிடிபோல நடத்துகிறார்கள், பட்டம் இருந்தால் மரியாதை வரும். அவர்கள் சொல்லும் குறை உண்மை. அதற்கு அவர்கள் தேடும் மருந்துதான் தவறு என்கிறேன்.

படிப்பின் பெருமையை மறுக்க நான் வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நெஞ்சுச் சளியை வெளியேற்றி, வென்டிலேட்டரிலிருந்து நோயாளியை மீட்கப் பாடுபடுகிறவர்களில் பிசியோவும் ஒருவர். விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவம் பார்த்த மேரி வர்கீஸ், 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு மையத்தின் வரலாற்றைப் படித்தவர் எவரும் இந்தத் தொழிலைச் சின்னதாக நினைக்க மாட்டார். தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021இல் தொடங்கிய பிறகு, படுக்கையில் கிடக்கும் கிராமத்துக் கிழவிக்கும் வாசல் தேடி பிசியோ வருகிறார். புதிய பாடத்திட்டம் படிப்பை 5 ஆண்டாக்கி, அதில் ஒரு முழு ஆண்டை உள்ளிருப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியிருப்பதும் நல்லதே.

இத்தனைக்கும் பிறகு, தமிழ்நாட்டில் ஒரு சாதாரண நோயாளியிடம் “பிசியோதெரபி என்றால் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். “கரண்ட் வைப்பாங்க” என்பார். இந்தப் பதில்தான் பல ஆண்டுகளாக என்னை உறுத்துகிறது. நாலரை ஆண்டுப் படிப்பு மக்கள் வாயில் இந்த இரண்டு சொல்லாகச் சுருங்கியதற்கு மக்களின் அறியாமை காரணமல்ல. அவர்கள் கண்டதைச் சொல்கிறார்கள்.

நானும் கண்டேன். சர்க்கரை நோயாளியான என் அம்மாவுக்குத் தோள் இறுகிப்போனது. கை முதுகுப்பக்கம் போகவில்லை. கொண்டை போட முடியவில்லை, ஜாக்கெட்டை மாட்டவே இன்னொருவர் துணை வேண்டும். ஊரில் பேர்பெற்ற ஒரு மையத்தில் 10 சிட்டிங் என்று பேசி முன்பணம் கட்டினோம். பச்சைத் திரை தொங்கும் நான்கு கட்டில்கள். அம்மாவின் தோளைச் சுற்றி நான்கு பேட் ஒட்டி, பட்டையால் இறுக்கி, குமிழைத் திருப்பி, “குறுகுறுன்னு இருக்காம்மா?” என்று கேட்டுவிட்டு அந்தப் பையன் அடுத்த திரைக்குள் போய்விடுவான். 15 நிமிடத்தில் மெஷின் பீப் அடிக்கும். பிறகு ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் தலையைத் தோளில் வட்டமாக ஓட்டுவான், கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். பத்து நாளும் இதுவேதான். கடைசி நாளில் கைப்பயிற்சி படம் போட்ட ஒரு தாள் தந்தான். கை எவ்வளவு தூரம் போகிறது, எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் வலி எடுக்கிறது என்று அந்தக் கையை ஒருமுறைகூட யாரும் தூக்கிப் பார்க்கவில்லை. சர்க்கரை இருக்கிறதா என்றும் கேட்கவில்லை. பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் நல்லவன், நான்கு கட்டிலுக்கும் ஒருவனாக ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்குக் கற்றுக்கொடுத்ததையும் அவனை வேலைக்கு வைத்தவர் கேட்டதையும் செய்தான்.

கற்றுக்கொடுத்தது என்ன? எந்த பிசியோதெரபி மாணவரையும் தூக்கத்தில் எழுப்பி, ஷார்ட்வேவ் டயதெர்மியின் அதிர்வெண் என்ன என்று கேளுங்கள், 27.12 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 11 மீட்டர் என்பார். இன்டர்ஃபெரன்ஷியலுக்கு 4,000 ஹெர்ட்ஸ் அளவிலான இரண்டு மின்னோட்டங்கள் என்பார். ஃபாரடிக், கால்வானிக், மெழுகுக் குளியல் என்று மின்சிகிச்சை ஒரு முழுப் பாடம். எழுத்துத் தேர்வு, வைவா, செய்முறை மூன்றும் அதற்கு உண்டு. எண்ணால் கேட்டு எண்ணால் மதிப்பெண் போடக்கூடிய பாடம் என்பதால் ஆசிரியருக்கும் வசதி, மாணவருக்கும் வசதி. கையின் பாடம் அப்படியல்ல. ஒரு மூட்டை நகர்த்தும்போது கடைசியில் தட்டுப்படும் தடை எலும்பா, இறுகிய உறையா, வலிக்குப் பயந்து நோயாளியே பிடித்துக்கொள்கிற தசையா என்பதை விரல்தான் சொல்ல வேண்டும். இதைக் கற்பிக்க ஆசிரியரின் கை மாணவரின் கைமேல் இருக்க வேண்டும், அந்த இரண்டு கைக்கும் கீழே உண்மையான நோயாளி வேண்டும். நம் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துப் பழகுகிறார்கள். இருபது வயதின் வலியில்லாத தோள் என்ன பாடம் சொல்லும்?

சரி, மெஷின் பலன் தந்தால் போதாதா என்று கேட்கலாம். தற்காலிகமாக வலியைத் தணிக்கிறது என்பது உண்மை. அதற்கு மேல் சொல்லப் பெரிதாக இல்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட முதுகுவலி வழிகாட்டி அல்ட்ராசவுண்ட் வேண்டாம், டென்ஸ் எனும் மின்தூண்டல் வேண்டாம், இன்டர்ஃபெரன்ஷியல் வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட முதுகுவலிக்குத் தந்த வழிகாட்டியும் அல்ட்ராசவுண்டையும் ட்ராக்‌ஷனையும் வேண்டாத பட்டியலில் சேர்த்தது. இரண்டும் முன்னிறுத்துவது உடற்பயிற்சியை. கையால் செய்யும் சிகிச்சையையும் தனியாக நம்ப வேண்டாம், பயிற்சியோடு சேர்த்துச் செய்யுங்கள் என்றே நைஸ் சொல்கிறது. இது எனக்கும் உடன்பாடு. தடவிக்கொடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நான் வாதாடவில்லை. எந்தப் பயிற்சி, எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்பதைத் தொட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது என்கிறேன். தொடாவிட்டால், அம்மாவுக்குக் கிடைத்ததுபோல் ஜெராக்ஸ் தாள்தான் கொடுக்க முடியும்.

பிறகு ஏன் நம்மூரில் இந்தக் கட்டில்களும் பேட்களும்? கணக்கு எளிது. கையால் பார்த்தால் அரை மணிக்கு ஒரு நோயாளி. மெஷின் வைத்தால் அதே அரை மணிக்கு நாலு பேர், நாலு சிட்டிங், நாலு கட்டணம். மையம் நடத்துகிறவர் பக்கம் இது நியாயமாகவே தோன்றும். வாடகை இருக்கிறது, மெஷினுக்குக் கட்ட வேண்டிய தவணை இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கின் அடுத்த வரியைத் தொழில் சங்கங்கள் படிக்கத் தவறிவிட்டன. பேட் ஒட்டிக் குமிழைத் திருப்புவதுதான் வேலை என்றால், அதற்கு நாலரை ஆண்டு படித்தவர் எதற்கு? ஒரு வாரம் பழக்கிய அட்டெண்டர் போதுமே. பல இடங்களில் அட்டெண்டர்தான் ஒட்டுகிறார். அப்புறம் படித்தவருக்கு அட்டெண்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தந்தால் போதும் என்று முதலாளி நினைப்பதில் என்ன வியப்பு? எலும்பு மருத்துவர் சீட்டில் ‘ஐஎஃப்டி, யுஎஸ், 10 நாள்’ (இன்டர்ஃபெரன்ஷியல், அல்ட்ராசவுண்ட்) என்று எழுதி அனுப்புவதும் இதனால்தான். மெஷினின் பெயரைச் சீட்டில் எழுத முடிகிறது. கையின் தீர்மானத்தை எழுத முடியாது. மரியாதை போனது முன்னொட்டால் அல்ல, இந்த இடத்தில்.

“நோயாளிதான் மெஷின் கேட்கிறார். வைக்காவிட்டால் பணம் வீண் என்று அடுத்த மையத்துக்குப் போய்விடுகிறார்” என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். கேட்கிறார், உண்மைதான். காய்ச்சலுக்கு ஊசி போடச் சொல்லியும்தான் நோயாளி கேட்டார். அந்தப் பழக்கத்தை யார் உண்டாக்கினார்களோ அவர்கள்தான் மாற்ற வேண்டும். நோயாளியின் ஆசையைக் காட்டித் தன் படிப்பைச் சுருக்கிக்கொள்கிற ஒரு தொழில், அதே மூச்சில் டாக்டர் என்று அழைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தத் தொழில் இங்கே வேரூன்றியது மெஷினால் அல்ல, போலியோவால். 1950களில் பம்பாயில் முதல் பள்ளி தொடங்கியபோது முன்னால் இருந்தவர்கள் துவண்ட கால்களோடு கிடந்த குழந்தைகள். எந்தத் தசையில் எவ்வளவு உயிர் மிச்சம் என்று 0 முதல் 5 வரை எண் போடுகிறார்களே, அந்த முறை வளர்ந்ததும் போலியோ வார்டுகளில்தான். அந்த எண்களில் 1 என்பதைக் கவனியுங்கள். மூட்டு அசையாது, தசை லேசாகத் துடிக்கும், அவ்வளவே. அது கண்ணுக்குத் தப்பலாம். விரல் வைத்தால்தான் தெரியும். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல் நுனி.

அதையும் நான் பார்த்திருக்கிறேன். பக்கவாதத்தில் பெரியப்பாவின் வலது காலும் கையும் போயின. மாலை நேரங்களில் ஒரு பெண் வீட்டுக்கு வந்து பார்த்தாள், படிப்பு முடித்து இரண்டு ஆண்டு இருக்கும். பையில் மெஷின் இல்லை. ஒரு துண்டும் ஒரு பந்தும்தான். ஒரு கையை முழங்காலுக்கு அடியில் கொடுத்து, மறு கையின் இரண்டு விரலைக் கணுக்காலின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, “ஐயா, பாதத்தை உங்க மூஞ்சியப் பாத்து இழுங்க” என்பாள். கால் கட்டைபோலக் கிடக்கும். அவள் அவசரப்படாமல் காத்திருப்பாள். மறுபடி சொல்வாள். மூன்றாவது வாரம் என்று நினைவு. திடீரென்று என்னைக் கூப்பிட்டாள். “அக்கா, உங்க விரல இங்க வைங்க. ஐயா, இழுங்க... வருதா? வருது பாருங்க.” தோலுக்கடியில் ஒரு நூல் சுண்டியதுபோல் இருந்தது. பாதம் அசையவே இல்லை. பெரியப்பாவுக்கே தெரியவில்லை. மறுநாளிலிருந்து பயிற்சி முழுவதையும் அந்தத் துடிப்பை வைத்தே மாற்றிவிட்டாள். தை மாதம் அவர் வாக்கரைப் பிடித்து வாசல்வரை நடந்தார். தானாகத் திரும்புவதும் உண்டு என்று மருத்துவர்கள் சொல்வார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் திரும்பியதை முதலில் கண்டுகொண்டது அந்த இரண்டு விரல்.

கல்லூரியிலா கற்றாய் என்று கேட்டேன். இல்லை, உள்ளிருப்புப் பயிற்சியில் ஒரு மூத்த மேடம் கையைப் பிடித்துச் சொல்லித்தந்தார் என்றாள். மற்றதெல்லாம் சனி, ஞாயிறு ஒர்க்‌ஷாப். மூட்டு நகர்த்தும் முறைக்கு ஒன்று, டேப் ஒட்ட ஒன்று, ஊசி குத்த ஒன்று; தன் சம்பளத்திலிருந்து கட்டிப் போயிருக்கிறாள். பட்டப்படிப்பு தர வேண்டிய கையை, பட்டம் வாங்கியவர் சில்லறையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. வழியிருப்பவர் முதுநிலைப் படிப்பான எம்பிடிக்குப் போகிறார், இன்னும் 2 ஆண்டு. சிலர் வெளிநாட்டுக்குப் போய், அங்கே இந்த மெஷின்களை ஓரங்கட்டியிருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். இவள் இரண்டுக்கும் போகவில்லை. பகலில் வேலை பார்த்த மையத்தில் மணிக்கு ஆறு பேர் பார்க்கச் சொன்னார்களாம். இப்போது மெடிக்கல் கோடிங் நிறுவனம் ஒன்றில், குளிரூட்டிய அறையில், அமெரிக்க நோயாளிகளின் கோப்புகளுக்கு எண் போடுகிறாள். சம்பளம் பரவாயில்லை என்றாள்.

முன்னொட்டுக்காகக் கொடி பிடித்த சங்கங்களிடம் எனக்கு ஒரே கோரிக்கை. கடைசி ஆண்டுச் செய்முறைத் தேர்வை மெஷின் இல்லாத அறையில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, உண்மையான ஒரு நோயாளி. இறுகிய தோளோ, துவண்ட பாதமோ. மாணவர் அரை மணி நேரம் பார்க்கட்டும், கேட்கட்டும், தொடட்டும். பிறகு தேர்வாளர், மாணவர் விரல் வைத்த அதே இடத்தில் தன் விரலை வைத்துப் பார்த்து மதிப்பெண் போடட்டும்.